இருபதுக்குக் கீழே

போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறவர்களை நான் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவேன். உங்கள் மேஜையில் இருப்பது நூறைத் தொட்டு வெகுநேரம் ஆகிறது. கழற்றிவிடுங்கள், நான் காத்திருக்கிறேன்.

நன்றி.

மலையடிவாரத்தில் கார்களுக்குச் சார்ஜ் போடுகிற அந்த நிலையத்தைப் பூட்டிவிட்டு, அதைப் பார்த்துக்கொள்கிறவரை இங்கே போலீஸ் ஸ்டேஷனுக்கு வரவழைத்து உட்காரவைத்தீர்களாம். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. மெஷினில் கோளாறு இல்லை. அதைச் சொல்லத்தான் நானாகவே வந்தேன். முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். மெதுவாகவே சொல்கிறேன்.

நான் ஒரு குளிர்பதனக் கிடங்கில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. ஒரு பொருள் கெடுவதற்கு முன்பே அது கெடப்போகிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. எங்கள் மின்சாரக் காரின் பேட்டரியும் ஒரே நாளில் சாவதில்லை. நூறு வரை நிரப்பி வெயிலில் போட்டால் கொஞ்சம் தேயும். ஒட்ட வழித்துக் காலி செய்தால் கொஞ்சம். எதற்கெடுத்தாலும் வேகச் சார்ஜரில் மாட்டினால் இன்னும் கொஞ்சம். இருபது சதவீதத்துக்கும் எண்பதுக்கும் நடுவில் வைத்திருந்தால் போதும், பல வருஷம் உழைக்கும். பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரிகிற விஷயம். என் மனைவிக்குப் புரியவில்லை.

அவள் பல் டாக்டர். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இரண்டு வேளை பல் தேய்க்கச் சொல்லி உபதேசம் செய்கிறவள். காரை நிறுத்தியதும் பிளக்கைச் செருகுவாள். அதோடு அவள் கடமை முடிந்தது. நான் என் போனில் இருக்கும் காரின் ஆப்பிலிருந்து எண்பதில் நிற்கும்படி மாற்றுவேன். அவள் திரும்ப நூறாக்குவாள். "வழியில நின்னுடுமோன்னு பயமா இருக்குங்க" என்பாள். படித்தவள் பேசுகிற பேச்சா இது?

மாமனார் அவளுக்கும் ஒரு படி மேல். நிலம் அளக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்று, மலைமேல் ஒரு வீட்டில் தனியாக இருந்தார். ஒருமுறை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், "மாப்ள, இந்தக் காரை ஓட்டறதுக்கு வாங்கினீங்களா, இல்ல கண்ணாடிப் பெட்டியில வச்சு அழகு பாக்க வாங்கினீங்களா?" என்று கேட்டார். அவள் புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த மனிதரிடம் முகத்தைக் காட்டக்கூடாது இல்லையா.

போன வாரம் அவருக்கு உடம்பு சரியில்லை என்று அவள் மலைக்குப் போனாள். அந்த வீட்டில் சார்ஜ் போட வசதி கிடையாது. மருந்துக்கும் மாத்திரைக்கும் என்று ஏறி இறங்கி அலைந்திருக்கிறாள். நான் போன் செய்யும்போதெல்லாம், "இருபதுக்குக் கீழே போகவிடாதே" என்றுதான் சொன்னேன். சரி சரி என்றாள். அவள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருக்கு மூச்சுத்திணறல் அதிகமானது. ஆம்புலன்ஸ் மலையேற நேரமாகும் என்றார்களாம். இவளே அவரைக் காரில் உட்காரவைத்து இறக்கிக்கொண்டு வந்தாள். அடிவாரத்து நிலையத்தை அடையும்போது சார்ஜ் ஐந்தோ ஆறோதான். நான் வீட்டில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வேகச் சார்ஜரில் மாட்டியிருக்கிறாள் என்று என் போன் காட்டியது. போனிலிருந்தே சார்ஜ் ஏறுவதை நிறுத்தினேன். அவள் மறுபடி மாட்டினாள். மறுபடி நிறுத்தினேன்.

போன் வந்தது. "ஏங்க, சார்ஜே ஏற மாட்டேங்குது. மாட்டினா உடனே நின்னுடுது. அப்பாவுக்கு உதடெல்லாம் நீலமாகுது."

"பக்கத்துல மெதுவா ஏறுற சார்ஜர் இருக்கும் பாரு. அதுல போடு."

"அதுல போட்டா சாயங்காலம் ஆயிடுங்க."

"பதறாதே. கழட்டிட்டு நல்லா அழுத்தி மாட்டு."

அழுத்தி மாட்டினாள். அதையும் நிறுத்தினேன்.

பேட்டரியைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். என்னை முட்டாளாக்குகிற எழுத்து அது. ஒரு நாள் வேகச் சார்ஜரில் போடுவதால் பேட்டரிக்கு எதுவும் ஆகாது என்று உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இருபதுக்குக் கீழே போகவிட்டால் என்ன ஆகும் என்று அவள் ஒரு தடவையாவது பார்க்கட்டும் என்று நினைத்தேன். அவரும் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

இருந்த கொஞ்சநஞ்சத்தோடு கிளம்பினாள். ஆஸ்பத்திரிக்கு முன்னால் வருகிற பாலத்தின் நடுவில் கார் நின்றுவிட்டது. என் போனில் காரைக் காட்டுகிற புள்ளி அசையாமல் கிடந்தது. அவள் திரும்பத் திரும்ப அழைத்தாள். நான் எடுக்கவில்லை. யோசிக்க விட்டால்தானே ஒருவருக்குப் புத்தி வரும். ஆம்புலன்ஸ் வந்தபோது அவர் முன்சீட்டில் பெல்ட் போட்டபடியே இறந்திருந்தார்.

அடக்கம் முடிந்த அன்று அவள் என் தோளில் சாய்ந்து, "நீங்க சொன்னதைக் கேட்டிருக்கணும்ங்க" என்று அழுதாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் அந்த வார்த்தை வந்ததே இல்லை. பிறகு அவளும் எல்லோரையும் போல மெஷின்மேல் பழிபோட ஆரம்பித்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கற்றுக்கொண்ட பாடத்தை மெஷின் தலையில் கட்டினால் எப்படி?

வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நான் ஏதோ சாட்சி சொல்ல வந்திருப்பதாக நினைக்கிறாள். அவளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். எனக்கு அவள்மேல் எந்தக் கோபமும் இல்லை, எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன் என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் மற்றதைச் சொல்லுங்கள்.