ஏழு பாதை, ஒரு சந்து

— ஏங்க, நில்லுங்க. விலாவுல பிடிச்சுக்கிச்சு. இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு?

— கணக்கா சொன்னா, இந்தப் பாலத்துல இருந்து ரெண்டாயிரத்து நூறு மீட்டர். நிக்காத, நர்சம்மா. நடந்துகிட்டே மூச்சு வாங்கு.

— இருபத்தாறு வருஷமா வார்டுல நான் ஊருக்கே மூச்சு வாங்கச் சொல்லிக் கொடுக்கறேன். நீங்க எனக்குச் சொல்லித் தர்றீங்க. நல்லா இருக்கு போங்க.

— அதுக்குத்தான் வராதேன்னேன். ஓடிப் பழகாத உடம்பு.

— பழகாட்டா என்ன? மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை விடிஞ்சா கட்டின பொண்டாட்டியை விட்டுட்டு ஓடிப்போயிடறீங்களே, அப்படி என்னதான் இருக்குன்னு ஒரு தடவை பார்த்துடலாம்னு வந்தேன்.

— பார்த்தாச்சா?

— பார்த்தாச்சு. வாய்க்கால் நல்லா இருக்கு. சூரியகாந்தி எல்லாம் கோவிச்சுக்கிட்ட சம்பந்தி மாதிரி ஒரே பக்கமா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிக்குது. அந்த வாத்துக்காரம்மா உங்களைப் பார்த்து ரெண்டு கையையும் ஆட்டினாங்க.

— அவங்க எல்லாருக்கும் ஆட்டுவாங்க.

— நான் ஒண்ணும் சொல்லலையே. எதுக்கு முகம் சிவக்குது?

— ஓடறேன்ல, சிவக்காதா? வா, மெதுவா ஓடலாம். அந்த மேடு தாண்டினா அப்புறம் இறக்கம்தான்.

— சரி, சர்வேயர் சார், ஓடிக்கிட்டே ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லணும். உங்க ஓட்டக் கும்பலுக்குப் பாதையெல்லாம் நீங்கதானே போட்டுக் கொடுக்கறீங்க?

— பின்ன? சர்வேயர் ஒருத்தன் இருக்கும்போது வேற யார் போடுவா? மொத்தம் ஏழு பாதை. வாய்க்கால் சுத்து, மில் சுத்து, தோப்புச் சுத்து…

— உங்ககூட ஓடற பல் டாக்டர் நேத்து எங்க ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். 'சிஸ்டர், உங்க வீட்டுக்காரர் போடற பாதைப் படம் பிரமாதம். ஆனா வடக்கே கிளம்பினாலும் சரி, தெற்கே கிளம்பினாலும் சரி, கடைசியில அதே கிராமம், அதே சின்னச் சந்துக்குள்ள நுழைஞ்சுதான் வெளிய வர்றோம். நாய் வேற துரத்துது. ஏன் சார்னு கேட்டா, ஏத்தம் நல்லா இருக்குங்கறார்'னார்.

— ஏத்தம் நல்லாத்தான் இருக்கு.

— அது சமதரை! வாராவாரம் பஸ் ஏறிப் போறவ நான், எனக்குத் தெரியாதா? அது நம்ம பொண்ணு வீட்டுச் சந்து.

— ஓரமா வா. பால் வண்டி வருது.

— வண்டி போயிடுச்சு, இப்ப சொல்லுங்க. வீட்டுல அவளைப் பத்தி வாயைத் திறந்தா எழுந்து போயிடறீங்க. இங்க வந்து அவ வாசலைச் சுத்திச் சுத்தி வர்றீங்க.

— வாசல் இல்ல, சந்து. சந்து பொது வழி. அந்த நிலத்துல கால் வைக்க மாட்டேன்னு சொன்னேன், இன்னி வரைக்கும் வைக்கல. அவங்க வேலியில இருந்து கணக்கா நாலடி தள்ளித்தான் ஓடறேன்.

— ஐயோ சாமி. நாலடின்னு டேப் வெச்சுப் பார்த்தீங்களா?

— எனக்குக் கண்ணாலேயே தெரியும்.

— உங்க கண்ணை நான் இன்னிக்கா பார்க்கறேன்? நாத்துப் பண்ணை வைக்க அந்த நிலத்தை வாங்கப்போறோம்னு பிள்ளைங்க ரெண்டும் ஆசை ஆசையா வந்து நின்னுச்சு. 'மாமா, நீங்க ஒருதரம் அளந்து பார்த்துச் சொல்லுங்க'ன்னு மாப்பிள்ளை எவ்வளவு மரியாதையா கேட்டான்! நீங்க என்ன சொன்னீங்க?

— தண்ணி நிக்கும்னேன். நாப்பது சென்டிமீட்டர் பள்ளம். ரெண்டு மழைக்காலத்துல நாத்து மொத்தமும் அழுகிடும்னேன். இருந்ததைத்தானே சொன்னேன்?

— அதோட விட்டீங்களா? 'என் பேச்சைக் கேக்காம வாங்கினா, அந்த மண்ணை நான் மிதிக்க மாட்டேன்'னு கத்தினீங்க. அவளும் உங்க ரத்தம்தானே? 'மிதிக்காதீங்க'ன்னுட்டுப் போயிட்டா. மூணு வருஷம்! நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் பார்த்துக்கிட்டிருக்கறவ நான்.

— மேடு வந்துடுச்சு. குட்டி குட்டியா அடி வை.

— வெச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். போன வருஷம் ஒரு மழை கொட்டுச்சே, ஊரே கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருந்துச்சு. உங்க கும்பல்ல ஒருத்தர்கூட வெளிய வரல. நீங்க மட்டும் மழைக்கோட்டை மாட்டிக்கிட்டு ஓடினீங்க. என் வீட்டுக்காரருக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு நான் ஜன்னல்கிட்டயே நின்னேன்.

— பார்க்கப் போனேன்.

— எதை?

— தண்ணி நிக்குதான்னு.

— நின்னா, 'நான் அப்பவே சொன்னேனே'ன்னு சொல்லலாம்னா?

— பொய் சொல்ல மாட்டேன், முதல் வருஷ மழைக்கு அப்படித்தான் போனேன். நீ சொல்றியே போன வருஷ மழை, அன்னிக்கு அவ சேத்துக்குள்ள முட்டிக்கால் வரைக்கும் நின்னு மண்வெட்டியால வழி வெட்டிக்கிட்டிருந்தா. அவ முதுகு என் பக்கம். தலையில ஒரு சாக்கு. நர்சம்மா, நான் நாலடி தள்ளி ஓடிக்கிட்டே வேண்டினேன். தண்ணி நிக்கக் கூடாது, நிக்கக் கூடாதுன்னு.

— நின்னுச்சா?

— இல்ல. மறுநாளும் போய்ப் பார்த்தேன். பொட்டுத் தண்ணி இல்ல. வடகிழக்கு மூலையில பழைய மதகு ஒண்ணு மண்மூடிக் கிடந்திருக்கு. எந்தப் படத்துலயும் கிடையாது. மாப்பிள்ளை பக்கத்துத் தோட்டத்துக் கிழவர்கிட்ட கேட்டுத் தோண்டி எடுத்திருக்கான். நான் கருவியை மூணு தடவை வெச்சுப் பார்த்தேன். மனுஷங்ககிட்ட ஒரு தடவைகூட கேக்கல.

— இதை அவகிட்டச் சொல்லலாமே.

— எப்படிச் சொல்றது?

— வாயாலதான்.

— முப்பது வருஷத்துல என் அளவு தப்புன்னு ஒருத்தன் சொன்னதில்ல.

— அதான் நாக்கு வளைய மாட்டேங்குது. கேளுங்க, பல் டாக்டர் இன்னொண்ணும் சொன்னார். இந்த வாரத்துல இருந்து அந்தச் சந்து வேண்டாம்னு கும்பல்ல கை தூக்கி முடிவு பண்ணிட்டாங்களாம்.

— தெரியும். அதனாலதான் இன்னிக்கு அவங்களோட போகல. பரவாயில்ல, இனிமே நான் தனியா ஓடிக்கறேன்.

— தனியாவா? பங்குனி வெயில்ல மயங்கி விழுந்தப்ப டாக்டர் என்ன சொன்னார்? துணை இல்லாம ஓடக் கூடாதுன்னார். நான் விட மாட்டேன். வாராவாரம் இந்த மேட்டுல ஏற என் முட்டியும் விடாது. அதனால, இன்னிக்கு விட்டா விட்டதுதான். இனி நீங்க உங்க பொண்ணு வீட்டு வேலியைக்கூடப் பார்க்க முடியாது. புரியுதா?

— புரியுது.

— அப்புறம் ஏன் நடக்கறீங்க? இறக்கம்தானே, ஓடுங்க.

— இங்க எப்பவும் கொஞ்சம் மெதுவாத்தான் போவேன்.

— எட்டிப் பார்க்க.

— கொடியில என்ன காயுதுன்னு பார்ப்பேன். நாத்துத் தட்டு எத்தனை வரிசைன்னு எண்ணுவேன். போன வாரம் பதினெட்டு. அவ்வளவுதான். அவ எழுந்திருக்க மாட்டா. ஞாயித்துக்கிழமைன்னா ஒன்பது மணிக்கு முன்னாடி கண்ணைத் திறக்க மாட்டாளே சின்னப் பிள்ளையில இருந்து! அந்த தைரியத்துலதான் இந்த நேரத்துக்கு வர்றேன்.

— இதோ வந்தாச்சு. போய்க் கதவைத் தட்டுங்க.

— தூங்கறவளை எழுப்பவா? நீ தட்டு.

— நான் தட்டிக்கிட்டேதான் இருக்கேன், மூணு வருஷமா. 'அப்பா எப்படி இருக்கார்'னு ஒரு வார்த்தை கேக்க மாட்டா. நீங்களும் கேக்க மாட்டீங்க. எனக்கு அலுத்துப்போச்சுங்க.

— கேக்கவே மாட்டாளா?

— மாட்டா.

— அப்ப அவளுக்கு நான் வேண்டாம்னு அர்த்தம். வா, திரும்பிடலாம்.

— திரும்பினீங்க, நான் இந்தக் கல்லு மேலயே உக்காந்துடுவேன். நீங்களே தூக்கிட்டுப் போகணும்.

— அது எல்லைக் கல்லு. அதுல உக்காரக் கூடாது.

— அப்ப அதைத் தாண்டுங்க.

— மிதிக்க மாட்டேன்னு சொன்ன மண்ணு, நர்சம்மா.

— சொன்னது வாய்தானே, மிதிக்கப்போறது கால். கையைக் கொடுங்க. ஒரே ஒரு அடி. இந்தா… வெச்சாச்சு. மண்ணு ஒண்ணும் கடிக்கல பார்த்தீங்களா?

— இரு, இரு. கதவு திறக்குது. வேண்டாம், நான் என்ன சொல்றது…

— அப்பா! வாராவாரம் ஆறேமுக்காலுக்கெல்லாம் எங்க வேலியோரமா ஓடிப் போயிடுவீங்களே, இன்னிக்கு இருபது நிமிஷம் ஆகியும் காணோமேன்னு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உங்களைத் தேடித்தான்ப்பா கிளம்பறேன்.