வராதவர் சம்மதம்

— இல்லை தம்பி, வட்டமாப் போடாதே. வரிசையாப் போடு. வட்டமாப் போட்டா யார் யார் வரலைன்னு பளிச்சுன்னு தெரியும்.

— அண்ணி, நான் நாற்காலி போட வரலை. நகரசபை ஆபீஸ் வேலையா வந்திருக்கேன்.

— ஆபீஸ்காரனா வந்தா கொழுந்தன் இல்லேன்னு ஆயிடுமா? கையில இருக்கற அந்தப் பலகையை ஜன்னல்ல வச்சுட்டு நாற்காலி அடுக்கை இழு. பார்த்து, மேலே இருக்கறதுக்குக் கால் ஆடும். அது சங்கத் தலைவருக்கு. அவர் வரமாட்டார், அதனால பரவாயில்லை.

— கூட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சின்ன ஆஸ்பத்திரி விஷயமா ஜனங்க கருத்து கேட்டோம் இல்லையா, அது முடிவு வந்துடுச்சு.

— என்ன வந்துச்சு? மூடக் கூடாதுன்னுதானே?

— மூடலாம்னு வந்திருக்கு. நம்ம தெருவுல ஏறக்குறைய எல்லா வீடும் சம்மதம்.

— எந்த வீடு? பேரைச் சொல்லு. பேக்கரிக்காரர் வீட்டம்மா பிரஷர் பார்க்க அங்கதான் போறா. சைக்கிள் கடைக்காரர் மருமகளுக்கு ரெண்டு பிரசவமும் அங்கதான். உங்க அண்ணன் கால் புண்ணுக்கு நர்ஸம்மா நாள் விட்டு நாள் கட்டு மாத்தறாங்க. இதுல யாருக்குடா மூடணும்னு ஆசை?

— விஷயம் என்னன்னா அண்ணி, சும்மா மூடலை. அந்த இடத்துல சரக்குக் கிடங்கு வருது. ஆஸ்பத்திரிக்குப் பதிலா முக்குல ஒரு கூண்டு வைப்போம். உள்ளே போய் உட்கார்ந்தா திரையில டாக்டர் வருவார், என்ன ஏதுன்னு கேப்பார், மருந்துச் சீட்டு தானா வெளியே வரும்.

— கட்டு? திரையிலேருந்து கையை நீட்டிக் கட்டு போடுவாரா அவரு?

— கட்டுக்கு மட்டும் பஸ் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

— புண்ணுக் காலோட! நல்லா யோசிச்சிருக்கீங்கடா.

— கிடங்கு வந்தா வேலை வரும் அண்ணி. அதையும் பார்க்கணும். படிச்ச பசங்க எல்லாம் வெளிநாடு போயாச்சு. பள்ளிக்கூடத்துல பாதி வகுப்பு பூட்டிக் கிடக்கு. ரயில் பாதையும் மெயின் ரோடும் சேர்ற மாதிரி வேற இடம் ஊர்ல இல்லை. இதை விட்டா கம்பெனி அடுத்த ஊருக்குப் போயிடும்.

— பசங்களைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா? நான் பெத்தது பட்டம் வாங்கிட்டுக் கடல் தாண்டிப் போய்க் கிடங்குல பெட்டி அடுக்குது. ஃபோன்ல மூஞ்சி பார்க்கறேன். பேசும்போதே தூங்கிடறா.

— அவ வேலை பார்க்கற அதே கம்பெனிதான் அண்ணி இங்கே வர்றது. கேட்டா இங்கேயே மாத்திக் குடுப்பாங்க.

— தெரியும், தெரியும். வரட்டும். வேணாம்னா சொன்னேன்? ஆஸ்பத்திரி தலையிலதான் வந்து உட்காரணுமா? சரி, அது கிடக்கட்டும். எப்படிக் கேட்டீங்க? யாரும் வந்து கதவைத் தட்டின மாதிரியே இல்லையே.

— மெஷின் கேட்டுச்சு. வீட்டுக்கு வீடு, ஆளுக்கு ஆள் ஃபோன் பண்ணும். நல்லாப் பேசும். பேச்சுக்குப் பேச்சு பதில் சொல்லும். உங்களுக்கும் வந்திருக்குமே?

— எனக்கா? இரு... ஒரு பொம்பளைக் குரல், ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’னு தேன் ஒழுகப் பேசிச்சே, அதுவா?

— அதேதான்.

— கருத்து முக்கியம்னு ஆரம்பிச்சா கடைசியில கடன்தான் விப்பாங்கன்னு கட் பண்ணிட்டேன்.

— தெருவே கட் பண்ணிடுச்சு அண்ணி.

— அப்புறம் எப்படிடா சம்மதம் வந்துச்சு?

— அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரமா சுத்திட்டு இருக்கேன். பதில் சொல்லாதவங்களை என்ன பண்றதுன்னு ஆபீஸ்ல பெரிய விவாதம். ஒவ்வொரு தெருச் சங்கத்துக்கும் ஒரு பழக்கம் இருக்கு, அதையே மெஷினுக்குச் சொல்லிக் குடுப்போம்னு முடிவாச்சு. போன வருஷம் சங்கச் செயலாளர்களை எல்லாம் கூப்பிட்டுக் கேட்டோம். ஒரு தெருவுல வராதவங்களை அப்படியே விட்டுடுவாங்களாம். இன்னொரு தெருவுல வீட்டுக்கே போய்க் கேப்பாங்களாம்.

— நம்ம தெருவுல?

— நீங்கதானே வந்தீங்க? புதுக் கண்ணாடி போட்டுக்கிட்டு. ‘நான் மணியை அடிப்பேன், வராதவங்க எல்லாம் சம்மதம்னு சொல்லுவேன், கூட்டத்தை ஆரம்பிச்சுடுவேன்’னு சொன்னீங்க. எல்லாரும் கை தட்டினாங்க.

— ...அது தெருவிளக்குக்குடா. குப்பை வண்டி காலையில வரட்டுமா சாயங்காலம் வரட்டுமாங்கறதுக்கு.

— மெஷினுக்குத் தெருவிளக்கும் ஆஸ்பத்திரியும் ஒண்ணுதானே. ரெண்டும் வேற வேறன்னு சொல்லிக் குடுத்திருக்க வேண்டியது நான். எனக்கும் உறைக்கலை.

— நான் என்ன பண்ணட்டும், சொல்லு. மணியடிச்சா டைப்பிஸ்ட் அக்கா வருவா, மாடி வீட்டு வாத்தியார் வந்து தூங்குவார், அப்புறம் நான். எல்லாரும் வந்தப்புறம்தான் முடிவுன்னு உட்கார்ந்திருந்தா இந்தத் தெரு இன்னும் இருட்டுலதான் இருக்கும். ஒருத்தியா இழுத்துட்டு வந்திருக்கேன்.

— யாரு இல்லேன்னா? இந்த மெஷின் ஏற்பாடு சரியா நடந்தா அடுத்து நாடு பூரா வருது. சட்டம் போடறதுக்கு முன்னாடி ஜனங்களைக் கேக்கணும்னு. நல்ல எண்ணத்துலதான் ஆரம்பிச்சாங்க.

— நாடு பூரா ஃபோனை எடுக்காதவங்களுக்கும் சேர்த்து என் மணிதான் பேசப் போகுதா? கேக்கவே கூசுது. சரி, உங்க அண்ணன் பதில் சொன்னாரா அந்தக் குரலுக்கு?

— இல்லை. எடுத்திருக்கார், முழுக்கக் கேட்டிருக்கார், ஒண்ணும் சொல்லாம வச்சிருக்கார்.

— அதானே பார்த்தேன். திரைச்சீலை எந்த நிறம்னு கேட்டாலும் ‘ம்’. வீட்டை வாடகைக்கு விடலாமான்னாலும் ‘ம்’. வாயைத் திறக்கலேன்னா நான் சொன்னது சரின்னு அர்த்தம். கல்யாணம் ஆன நாள்லேருந்து அப்படித்தான் ஓடுது.

— மெஷினும் அப்படித்தான் ஓட்டியிருக்கு.

— வாயாடாதே. இதை நிறுத்த வழி உண்டா, இல்லையா? அதைச் சொல்லு.

— உண்டு. தெருவுல பாதி வீட்டுக்கு மேல நேர்ல வந்து, அவங்கவங்க வாயால சொன்னா மெஷின் கணக்கு செல்லாது. இந்த ஒரு விதிக்காக ஆபீஸ்ல நான் சண்டையே போட்டிருக்கேன். நாளைக்கு நகரசபை கையெழுத்துப் போடுது. அதனால இன்னிக்குக் கூட்டம்தான் கடைசி. எழுதிக்கத்தான் இந்தப் பலகை.

— பாதி வீடா! இந்த ரூமுக்கு அவ்வளவு பேர் வந்ததே இல்லையே. கீழே மருந்துக் கடைக்காரர்கூடக் கடைக்கு மேலே ஏறி வரமாட்டார். இரு, நான் செருப்பை மாட்டிட்டு ஒரு நடை...

— அண்ணி, படியில சத்தம்.

— ஒரு கால் இழுக்கற சத்தம். அய்யோ, இவரு! ஏங்க, இந்தப் படி ஏறலாமா நீங்க?

— ஏறியாச்சு, செயலாளரம்மா.

— உட்காருங்க முதல்ல. அது இல்லை, அதுக்குக் கால் ஆடும். இதுல. பின்னாடி என்ன இரைச்சல்?

— தெருதான். பேக்கரிக்காரர் கடையைச் சாத்திட்டு வர்றார். சைக்கிள் கடைக்காரர் மருமக கைக்குழந்தையோட வர்றா. மருந்துக் கடைக்காரரும் வர்றார்.

— தெருவா? யார் கூப்பிட்டா?

— நான்தான். காலையிலேருந்து வீடு வீடாப் போனேன்.

— இந்தக் காலோடயா? நர்ஸம்மா பார்த்தா என்னைத்தான் திட்டுவாங்க. உங்களுக்கு எப்படி விஷயம் தெரியும்?

— தம்பி நேத்தே சொன்னான்.

— நேத்தேவா? ஏன்டா, என்கிட்ட ஏன் சொல்லலை?

— உங்ககிட்ட நேரா சொல்ல பயமா இருந்துச்சு அண்ணி. அண்ணன்கிட்ட சொன்னா அவர் பக்குவமா எடுத்துச் சொல்லுவார்னு...

— இவரு! எடுத்துச் சொல்லுவாரு! ஆபீஸ்ல உனக்கு யாருடா வேலை குடுத்தா? சரி போகட்டும். வீடு வீடாப் போய் என்னங்க சொன்னீங்க? ஒரே பேச்சுல எல்லாரும் கிளம்பி வர்ற மாதிரி?

— ஒண்ணும் சொல்லலை. கேட்டேன்.

— என்ன கேட்டீங்க?

— ஆஸ்பத்திரி வேணுமா, கிடங்கு வேணுமான்னு கேட்டேன். உட்கார வச்சு ரொம்ப நேரம் பேசினாங்க. இங்கே வந்தும் சொல்லுங்கன்னேன். கிளம்பிட்டாங்க.

— எந்தப் பக்கம் பேசினாங்க?

— அது அவங்க வாயால வரட்டும்.

— வேற எந்தப் பக்கம் பேசுவாங்க? அடடா, நாற்காலி போதாதே! தம்பி, அந்தப் பெஞ்சியையும் இழு. மின்விசிறியை வேகமா வை. வாங்க, வாங்க, வாத்தியார் சார், இன்னிக்குத் தூங்க முடியாது. மணி எங்கே? வேண்டாம், இன்னிக்கு மணி வேண்டாம். வராதவங்க சம்மதமும் வேண்டாம். வந்தவங்க வாயால சொன்னதுதான் கணக்கு. எழுதிக்கோ தம்பி. முதல் வீடு எங்க வீடு. வீட்டுக்காரர், ஆஸ்பத்திரி இருக்கணும்.

— அண்ணி, அதை அண்ணன்தான் சொல்லணும். இப்பதானே சொன்னீங்க?

— சரி, முறைன்னா முறை. ஏங்க, ‘ம்’னு சொல்லுங்க.

— ...

— ஏங்க? எல்லாரும் பார்க்கறாங்க.

— நீ என்னை ஒண்ணும் கேக்கலையே.

— உங்களைப் போய் என்ன கேக்கறது? கட்டு மாத்திக்கறதே நீங்கதானே!

— இருக்கட்டும். கேளு.

— சரிங்க, கேக்கறேன். எழுதறவனும் கேட்டுக்கட்டும். உங்களுக்கு ஆஸ்பத்திரி வேணுமா, கிடங்கு வேணுமா?

— கிடங்குன்னு எழுதுடா தம்பி. கட்டு மாத்திக்க நான் பஸ் ஏறிப் போய்க்கறேன். என் பொண்ணைப் பார்த்துட்டு வரத்தான் பஸ் இல்லை.