கழுவாத கேரியர்

2024 செப்டெம்பர் 14, சனி

நேற்று இருளாயி அக்காவின் சாப்பாட்டுக் கேரியரைக் கழுவாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தவறுதான். வகுப்புக்குப் போகிற பஸ் போய்விடுமே என்ற அவசரம்.

கரவனெல்லையில் மாலை வகுப்பில் உளவளத்துணை, அதாவது கவுன்சலிங், படிக்கிறேன். கருணைப் பயிற்சி பற்றிச் சிறிய ஆய்வு ஒன்று செய்ய வேண்டும். பயிற்சியில் சேர்ந்தவர்களிடம் மட்டும் மனம் இளகியதா என்று கேட்பது பழைய முறை என்றார் பஸீஹா மிஸ். இப்போது பயிற்சி பெறாத குழு ஒன்றையும் வைத்து ஒப்பிடுகிறார்களாம். வாயால் சொல்வதைவிடக் கையால் செய்வதைப் பார்க்கிறார்களாம். அதனால் எங்கள் றப்பர் தோட்டத்து மேல் லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கீழ் லயத்துக்குக் கொடுக்கவில்லை. ஒரு குழுவில் நடப்பது மற்றக் குழுவுக்குக் கசியவே கூடாது என்று மிஸ் சொன்னதை அடிக்கோடிட்டுக்கொண்டேன்.

பயிற்சி நன்றாகவே வேலை செய்தது. அதுதான் சிக்கல். கீழ் லயத்தில் தனியாக இருக்கும் அழகமுத்து அண்ணன் றப்பர் பால் வெட்டப் போன இடத்தில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். கேள்விப்பட்ட உடனேயே மேல் லயத்து இருளாயி அக்கா, சோறும் பலாக்காய்க் கறியும் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கருணை கசியத் தொடங்கிவிட்டது.

"குடுங்கக்கா, நான் அந்தப் பக்கந்தான் போறேன்" என்றேன்.

முதல் நாள் நாய்க்குப் போட்டேன். மனிதர் சாப்பாட்டை இப்படி வீணாக்கலாமா என்று சந்தேகம் வந்தது. மறுநாளிலிருந்து பால் ஸ்டோருக்குப் பின்னால் உட்கார்ந்து நானே சாப்பிட்டேன். சட்டை இறுகியது. ஆனால் தன்னையே திட்டிக்கொள்ளாமல் இருப்பதைப் பற்றித்தான் இப்போது ஆய்வுகள் கூடுதலாக வருகின்றன என்று மிஸ் சொல்லியிருந்தார். நெஞ்சில் கை வைத்து, "பரவாயில்ல பிரஷாந்தினி" என்று சொல்லிக்கொண்டேன். பயிற்சி எனக்கும் வேலை செய்தது.

சாப்பிட்ட பிறகு தினமும் அழகமுத்து அண்ணனைப் போய்ப் பார்ப்பேன். வேறு யாராவது கருணை காட்டிவிட்டார்களா என்று தெரிய வேண்டும் அல்லவா. அவர் பிளேன்டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருப்பார்.

"மேல் லயத்துலருந்து ஒரு நாயி எட்டிப் பாக்கல தங்கச்சி. நான் அவங்களுக்கு என்னா பாவம் செஞ்சேன்?" என்பார்.

ஒப்பீடு சுத்தமாக இருக்கிறது என்று எனக்கு நிம்மதியாக இருக்கும்.

இன்று காலை இருளாயி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தாளுக்குக் கால்தானே ஒடஞ்சிச்சு, கையுமா? தின்ன ஏனத்த அலசக்கூட ஏலாதா? இனி ஒரு பருக்க அனுப்ப மாட்டேன், போ."

கழுவாத ஒரு கேரியரால் என் பயிற்சிக் குழுவின் கருணையே இறங்கிவிட்டது. கவலையோடு கீழே போனால், அழகமுத்து அண்ணன் பெட்டியோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார். குருவிட்டையில் இருக்கும் தங்கை வீட்டுக்கே போய்விடுகிறாராம்.

"பொறந்து வளந்த எடத்துலயே யாருக்கும் வேண்டாதவனா போயிட்டேன். நீ ஒருத்திதான் தங்கச்சி, தெனமும் வந்து மொகத்தப் பாத்த" என்று என் கையைப் பிடித்து அழுதார்.

அதையும் கருணையில் சேர்த்துவிடுவாரோ என்று பயந்து கையை இழுத்துக்கொண்டேன்.

நாளை இருளாயி அக்காவிடம் போய், அழகமுத்து அண்ணன் மன்னிப்புக் கேட்டார், இனிக் கழுவித் தருவார் என்று சொல்ல வேண்டும். அண்ணன் ஊரைவிட்டுப் போனதைச் சொல்ல வேண்டியதில்லை. பலாக்காய்க் கறி என்றால், சோறு கொஞ்சம் கூடுதலாக வைக்கச் சொல்ல வேண்டும்.