நாற்பத்தெட்டு இலக்கங்கள்

மருந்துப் புட்டியின் பின்னால் இருக்கிற பொடி எழுத்தைக்கூட விடாமல் படிக்கிற ஆள் நான். முப்பத்தொரு வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால் வாழ்த்துவதற்கு முன் பேனாவைத் தேடுவேன் என்று என் மகள் கேலி செய்வாள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வயதான மனிதர், கவனிக்காமல் ஏதோ செய்துவிட்டார் என்று நீங்களும் நினைத்துவிடக் கூடாது.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மகளைப் பொடிசு என்று கூப்பிடுவேன்; இருபத்தாறு வயதாகியும் அந்தப் பெயர் போகவில்லை. மூன்று வருடமாக அவள் பதினோரு நிமிட அனிமேஷன் படம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். எல்லாம் அவளே வரைந்தது. கதை சொல்லும் குரல் மட்டும் என் மனைவியுடையது. நோய் முற்றுவதற்கு முன், வெளிச்சத்தம் வராமல் துணி அலமாரியை ஒட்டிப் போர்வைகளைச் சுற்றித் தொங்கவிட்டு, நடுவில் அம்மாவை உட்காரவைத்துப் பதிவு செய்தாள். ஓரிடத்தில் வசனம் மறந்துபோய் என் மனைவி சிரித்துவிடுவாள். பொடிசு அதை வெட்டாமல் விட்டிருந்தாள். அந்தக் குரல் வேறெங்கும் இல்லை.

தூரத்து நகரத்தில் ஒரு படநிறுவனம் சில காட்சிகளைப் பார்த்துவிட்டு முழுப் படத்தையும் கேட்டிருந்தது. பதினைந்தாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும், பிடித்திருந்தால் வேலை. அப்படியானால் அவள் அங்கே, நான் இங்கே. எனக்குச் சந்தோஷம் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.

ஒன்பதாம் தேதி கணினி தகராறு செய்தது. காட்சிகளை ஒன்றாகச் சேர்க்கும்போது பாதியில் உறைந்து நின்றுவிடும். அதைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியது நானும் அவளும்தான், ஆகவே வைத்தியமும் என் பொறுப்பு. மதர்போர்டு தயாரித்தவர்களின் தளத்தில் இதே கோளாறுக்குப் புதிய பயாஸ் போட்டிருந்தார்கள். கணினியைத் தட்டி எழுப்புகிற சின்ன நிரல் அது. பென்டிரைவில் ஏற்றினேன், போர்டின் எண்ணை இரண்டு முறை ஒப்பிட்டேன், யுபிஎஸ்ஸைச் சோதித்தேன். அதுவரை என் மனதில் கள்ளம் இல்லை.

வேலை நல்லபடியாக முடிந்து கணினி மறுபடி எழுந்தபோது கறுப்புத் திரையில் ஒரு கேள்வி வந்தது. Y அழுத்தினால் பழைய பாதுகாப்புப் பதிவு அழியும். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் மீட்பு எண் இல்லாமல் திறக்காது. N அழுத்தினால் பழையபடி தொடரலாம். நான்கே வரி. ஒரு காற்புள்ளி தேவையில்லாத இடத்தில் இருந்தது. மூன்று முறை படித்தேன். படம் முழுவதும் இருந்த அந்த டிஸ்க்கைப் பூட்டி வைத்ததே நான்தான்.

பக்கத்து அறையில் பொடிசு அந்த ஊர்க் குளிருக்கென்று தன் அம்மாவின் குளிர்கோட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, கை கொஞ்சம் நீளமா இருக்கு. பரவால்லல்ல?"

"அழகா இருக்கும்மா" என்றேன். சொல்லிவிட்டு Y அழுத்தினேன்.

திரை நீலமாகி, நாற்பத்தெட்டு இலக்க எண்ணைக் கேட்டது. அந்த எண்ணைப் பொடிசு ஒரு தாளில் ஆறு ஆறாகப் பிரித்து எழுதி என்னிடம்தான் கொடுத்திருந்தாள். தன்னிடம் இருந்தால் தொலைந்துவிடும், அப்பா எதையும் தொலைக்க மாட்டார் என்று. என் மனைவியின் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் அதை வைத்திருந்தேன். பொடிசைக் கூப்பிடுவதற்கு முன் அந்தத் தாளை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"ஏதோ கேட்டுச்சு, அழுத்திட்டேன்."

அவள் சிரித்தாள். "நீங்க? படிக்காம? சரி, அந்தப் பேப்பர எடுங்க."

"எங்க வச்சேன்னு ஞாபகம் வரலம்மா."

நகல் இல்லையா என்று கேட்பீர்கள். நகல் இருந்த வெளி டிஸ்க் போன மாதம் மேசையிலிருந்து விழுந்து கெட்டுப்போனது. புதிது வாங்கிவரச் சொல்லியிருந்தாள், நான் நாளை நாளை என்று கடத்தினேன். அது மட்டும் நிஜமான சோம்பல்.

நான்கு நாள் வீட்டைப் புரட்டிப் போட்டோம். நானும் சேர்ந்து தேடினேன், ஒப்புக்கு அல்ல, ஃபிரிட்ஜை நகர்த்தியெல்லாம் தேடினேன். ஒவ்வொரு புத்தகத்தையும் தலைகீழாக உதறினோம். கண்ணாடிக் கூட்டையும் அவள் திறந்து பார்த்தாள். வெறும் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எனக்கு முதுகெல்லாம் கூசியது. வெட்கம் என்பதை அந்த அளவுக்கு உடம்பில் உணர்ந்தது அன்றுதான்.

பதினாறாம் தேதி காலையில் தாள் கிடைத்துவிட வேண்டும் என்பது என் ஏற்பாடு. எந்த இடத்தில் கிடைப்பது என்றுகூட முடிவு செய்திருந்தேன். ஆனால் அன்று காபி குடிக்கும்போது, நிறுவனத்தில் கெஞ்சி இன்னும் ஒரு மாதம் வாங்கியிருப்பதாகச் சொன்னாள். தாள் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது.

அந்த மாதமும் கழிந்த பிறகு கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்தார். "நம்பர் இல்லன்னா ஒண்ணும் பண்ண முடியாது சார். பழைய டிஸ்க்க கழட்டி பத்திரமா வச்சுக்கங்க, பேப்பர் என்னிக்காவது கிடைக்கும்" என்றார். நல்ல யோசனைதான். நான்தான் வேண்டாம் என்றேன். அது வீட்டில் இருந்தால் பிள்ளை தேடிக்கொண்டே இருப்பாள், அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கட்டும் என்று நிதானமாக எடுத்துச் சொன்னேன். பொடிசு தலையாட்டினாள், ஆனால் அழிக்க அவளுக்குக் கை வரவில்லை.

"நீங்களே அழுத்திடுங்கப்பா" என்றாள். அழுத்தினேன். என் மனைவியின் சிரிப்பு போவதற்கு நாற்பது விநாடிகூட ஆகவில்லை.

பொடிசு என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் செய்தது வேறு. மாத்திரைகளைக் கிழமைவாரியாக டப்பாவில் போட்டுவைத்தாள். அடுப்பு அணைத்தாயிற்றா என்று ஒரு சீட்டு எழுதிக் கதவில் ஒட்டினாள். படிக்காமல் அழுத்துவதும் வைத்த இடம் மறப்பதும் அப்பாவின் சுபாவமே இல்லை, இது ஏதோ நோயின் தொடக்கம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

போன வாரம் மருத்துவரிடம் அழைத்துப்போனாள். அவர் ஐந்து சொற்களைச் சொல்லி, சிறிது நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். நாற்காலி, ஆறு, ஊசி, குதிரை, ஜன்னல். நாற்காலி, ஊசி என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். பொடிசு என் கையைப் பிடித்துக்கொண்டாள். தாளை எப்போதோ எரித்துவிட்டேன். அதிலிருந்த நாற்பத்தெட்டு இலக்கத்தையும் அந்த அறையில் உட்கார்ந்து மனதுக்குள் ஒருமுறை ஒப்பித்தேன். ஒன்றும் தப்பவில்லை.

நேற்று அந்த நிறுவனத்திலிருந்து மறுபடி கடிதம். படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வந்து சேருங்கள் என்று.

"இந்த நிலைமையில உங்கள விட்டுட்டு எப்படிப்பா போவேன்? முடியாதுன்னு எழுதிடறேன்" என்றாள்.

எனக்கு ஒரு நோயும் இல்லை என்று அவளிடம் சொல்லிவிட வேண்டியதுதான். இனியும் மறைப்பது நியாயமில்லை. அவள் பதில் எழுத வெள்ளிக்கிழமை வரை அவகாசம் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.