மூன்று நாள் பட்டினி

காலை ஏழு மணி பத்து நிமிடம். உடல் பருமனுக்கும் சர்க்கரைக்கும் நெஞ்சுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பெயர் கொடுத்திருந்த நாங்கள், ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே காத்திருந்தோம். எனக்கு முன்னால் பல்லடத்திலிருந்து பஸ்ஸில் என்னோடு வந்து இறங்கிய தம்பதி. கணவருக்குக் கனத்த உடம்பு. மனைவிதான் ஆரம்பித்தார்.

"ஏனுங்க, மூணு நாளாச் சோறு தொடாம வந்தா ரத்தம் பொய் சொல்லாதுங்களா?"

"மெதுவாப் பேசு அம்மணி. ராத்திரி மட்டும் வெறும் வயிறுன்னாங்க. நான் ரெண்டு நாள் சேர்த்திப் போட்டேன். கொறைவா வந்தா நல்லதுதான?"

"பொண்ணுப் பாக்க வாராங்கன்னு ஊட்டுக்கு வெள்ளையடிச்சாப்லயா? அவங்களுக்கு வேணும்ங்கறது நீங்க தெனமும் திங்கற ஒடம்புங்க."

"சர்க்கரைன்னு எழுதிப்போட்டா?"

"எழுதட்டுங்க. உங்க அண்ணனுக்கு ஆரும் எழுதலீங்க. தறிக்கு முன்னால நெஞ்சைப் புடிச்சுட்டு விழுந்தப்பறந்தான் தெரிஞ்சுது."

அவர் தோள்துண்டை எடுத்து மடித்தார், மறுபடி பிரித்தார். உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தவர் இரண்டடி நடந்து திரும்பினார்.

"நீயும் வா. பட்டினி கெடந்ததை நான் சொல்லீர்றேன். அண்ணனைப் பத்தி நீ சொல்லு."