நான் றக்பிச் சங்கம் வளர்த்த கதை

கொழும்பில், அதுவும் வெள்ளவத்தையில், சனிக்கிழமை பின்னேரம் பதினைந்து இளைஞர்களை ஒரே இடத்தில் கூட்டுவது கஷ்டம். பாதிப்பேர் டியூசனில் இருப்பார்கள், மீதிப்பேர் கனடாவில் இருப்பார்கள். நீங்கள் விசாரணைக்கென்று தாய்ச்சங்கத்திலிருந்து வந்திருப்பதால் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நடந்ததெல்லாம் இதிலிருந்துதான் தொடங்கியது.

என் பெயர் நாகேந்திரம். வயது அறுபத்து மூன்று. ஒரு கப்பல் கம்பனியில் முப்பத்தொரு வருடம் கடிதப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். றக்பி விளையாடியதில்லை. அந்தப் பந்து ஏன் அப்படி நீண்டு கிடக்கிறது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஒரு சங்கத்துக்குச் செயலாளர் என்று வந்தால், பந்து பிடிக்கத் தெரிந்தவனைவிடக் கடிதம் எழுதத் தெரிந்தவன்தான் உதவுவான். அதனால்தான் கரையோர றக்பிச் சங்கத்தைத் தொடங்கியபோது என்னைக் கேட்டார்கள்.

தொடங்கும்போது ஐந்து கழகங்கள் இருந்தன. பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற 2022ஆம் வருடம் முடியும்போது இரண்டுதான் மிஞ்சின. ஒன்று வெள்ளவத்தை, மற்றது ஜீவராஜ் பயிற்சி கொடுக்கும் கொட்டாஞ்சேனை. மற்றப் பிள்ளைகள் எல்லாம் கட்டாருக்கும் ரொறொன்ரோவுக்கும் போய்விட்டார்கள். அந்த நேரம் பார்த்து உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆறு கழகங்களுக்குக் குறைந்த பிராந்தியச் சங்கங்கள் கலைக்கப்படும்.

ஜீவராஜ் அதை வாசித்துவிட்டு, "விடுங்கோ அண்ணை, கலைச்சால் கலைக்கட்டும். நாங்கள் வேற சங்கத்தில போய்ச் சேருவம்" என்றார்.

அவருக்கு அது சுலபம். அவரிடம் ஒரு அணி இருந்தது. என்னிடம் இருந்தது சங்கம் மட்டும்தான். அதோடு அப்போதுதான் புதிய கடிதத்தாள் அச்சடித்திருந்தோம்.

எங்கள் தொடர்மாடியின் நிர்வாகக் குழுவுக்கும் நானே செயலாளர். குடியிருப்பாளர் பதிவேடு என் அலுமாரியில் இருந்தது. பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் அதில் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை எடுத்து வைத்துக்கொண்டு, மரைன் டிரைவ் ரோவர்ஸ் என்று ஒரு கழகத்தைப் பதிவு செய்தேன். சாப்பாடு ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. வயது கூடியவர்களைக் கொஞ்சம் இளமையாக்கினேன். மூன்றாம் மாடி ஜெயகுமார் மாஸ்டருக்கு எழுபத்திரண்டு வயது, முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தவர். என் பதிவில் அவர் இருபத்தேழு வயது ஓட்டக்காரர். முதல் பருவத்திலேயே ஒன்பது தடவை கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்து ட்ரை எடுத்தார். லிப்டில் காணும்போது எனக்கு அவரில் ஒரு தனி மரியாதை வந்துவிட்டது.

எங்கள் கட்டடம் முடிந்ததும் அடுத்த ஒழுங்கைத் தொடர்மாடியின் பதிவேட்டை வாங்கினேன். டெங்கு ஒழிப்புக்கு என்று சொன்னேன். அந்தச் செயலாளர் நல்ல மனிதர், தானே நிழற்பிரதி எடுத்துத் தந்தார். இப்படி ஜிந்துப்பிட்டி வேலவர், பொரளை பிளேசர்ஸ், ஹெந்தளை கடற்காகம் என்று ஆறு கழகங்கள் வந்தன. உண்மையான இரண்டையும் சேர்த்தால் எட்டு. உங்கள் ஆண்டறிக்கையில் எங்கள் வளர்ச்சிக்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். அதை வெட்டி வைத்திருக்கிறேன்.

இந்த ஆறு கழகங்களும் ஆ பிரிவு. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் அ பிரிவு. ஆ பிரிவுப் போட்டிகளின் முடிவை நான் என் விருப்பத்துக்குத் தீர்மானித்ததாக யாராவது சொன்னால் நம்பவேண்டாம். பக்கச்சார்பு வரக்கூடாது என்று லூடோக் கட்டை உருட்டித்தான் எழுதினேன். ஒருநாள் என் மனைவி சுபோதினி பார்த்துவிட்டு, "என்னப்பா, தனிய இருந்து லூடோ விளையாடுறியள்?" என்று கேட்டாள்.

"இது றக்பி" என்றேன்.

அவள் எனக்குத் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தாள். ஓய்வு பெற்ற ஆட்களுக்கு இப்படி வருமென்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

வருடக் கடைசியில் இரண்டு பிரிவின் வெற்றியாளர்களும் மோதவேண்டும். ஆ பிரிவு அணிக்கு ஒவ்வொரு வருடமும் அந்த வாரம் பார்த்து டெங்கு வந்தது. ஜீவராஜ் மூன்று தடவை கிண்ணத்தை விளையாடாமலே வாங்கினார். "என்ன அண்ணை, இந்த ஆ பிரிவுக்காரரைக் கண்ணால காணவே கிடைக்குதில்லை" என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது. கோபத்தில் சொல்லவில்லை. பாவம், அனுதாபத்தில் சொன்னார்.

சிக்கல் உங்கள் கடிதத்தால் வந்தது. குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். ஆ பிரிவில் இத்தனை போட்டி நடந்தும் ஒரு சிவப்பு அட்டைகூட இல்லை, இப்படி ஒழுக்கமான கழகங்களை நேரில் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அன்று நான் ஒரு பாடம் படித்தேன். அளவுக்கு மிஞ்சி நல்லவர்களாக இருந்தாலும் ஆட்கள் தேடி வருவார்கள். உடனே ஒரு குழப்படி தேவைப்பட்டது.

ரோவர்ஸ் பட்டியலில் விரலை ஓட்டினேன். நான்காம் மாடி ஜெகதீஸ்வரியின் மகன் தேனுஜன். வயது இருபது, கணக்கியல் படிக்கிறான். அவன் லிப்டில் ஏறினால் நான் அடுத்த லிப்டுக்கு நிற்பேன், அவ்வளவு உடம்பு. யாரோடும் அதிகம் பேசாத பிள்ளை. இவன் வாழ்நாளில் ஒரு பந்தைத் தொடப்போவதில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஒருவனுக்கும் நட்டமில்லாத தெரிவு. ஆகவே 2024 மார்ச் பதினாறாம் திகதி சனிக்கிழமை, ட்ரை ஒன்றை மறுத்ததற்காகத் தேனுஜன் மத்தியஸ்தர் அர்ஷாத்தின் முகத்தில் குத்தினான். அர்ஷாத் உண்மையான மத்தியஸ்தர், அ பிரிவுப் போட்டிகளை நடத்துபவர். பதிவுபெற்ற மத்தியஸ்தர் பெயர்தான் போடவேண்டும் என்பது உங்கள் விதி, அதை நான் மீறவில்லை. தேனுஜனுக்கு ஆயுள் தடை விதித்தோம். எங்கள் கண்டிப்பைப் பாராட்டி நீங்கள் எழுதிய கடிதத்தை மற்றப் பிராந்தியங்களுக்கும் அனுப்பியிருந்தீர்கள்.

அடுத்த வருடம் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. இரத்தத்தில் சீனி கூடிவிட்டதென்று வைத்தியர் பயமுறுத்தியதால் தேனுஜன் எங்கள் கடற்கரை வீதியான மரைன் டிரைவில் ஓடத் தொடங்கினான். ஒருநாள் காலை அங்கே பழுதாகி நின்ற பாடசாலை வான் ஒன்றை, உள்ளே பிள்ளைகள் இருக்கத்தக்கதாக, தனியாளாகத் தள்ளிக்கொண்டு போனான். அந்த வழியால் வந்த ஜீவராஜ் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, வான் ஸ்டார்ட் ஆகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு கிட்டப் போய், "தம்பி, உமக்கு வேலையிருக்கு, வாரும்" என்று கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிப்போனார்.

நான்கு மாதத்தில் அவனைப்போல முன்வரிசை ஆட்டக்காரன் கொழும்பில் இல்லை என்று பேச்சு வந்தது. உங்கள் இளையோர் முகாமுக்கு அழைப்பும் வந்தது. கழகப் பதிவு இருந்தால் போகலாம். ஜீவராஜ் படிவத்தை நிரப்பிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். முதல் தடவையாக அவர் சிரித்ததைப் பார்த்தேன். முன்பல் ஒன்று இல்லை என்பது அன்றுதான் தெரியும்.

"அண்ணை, எங்கட கழகத்தில இருந்து முகாமுக்குப் போற முதல் பெடியன். ஒரு கையெழுத்துத்தான்."

நான் யோசித்தேன். தடையை எடுக்கவேண்டுமென்றால் உங்களுக்குக் காரணம் எழுதவேண்டும். காரணம் எழுதினால் ஆறு கழகங்களும் போய்விடும். ஒரு பக்கம் ஒரு பையன், மறுபக்கம் நூற்றைம்பது வீரர்கள். எந்த நியாயமான செயலாளரும் எடுத்திருக்கக்கூடிய முடிவைத்தான் எடுத்தேன்.

"ஜீவராஜ், இவர் தடை செய்யப்பட்ட ஆள்" என்றேன்.

ஜீவராஜ் தடையை எதிர்த்து மேன்முறையீடு செய்ததால், விசாரணையை எங்கள் தொடர்மாடி மண்டபத்தில் வைத்தோம். ஒழுக்காற்றுக் குழுவில் மூன்று பேர். நான் தலைவர். மற்றவர்கள் ஜிந்துப்பிட்டி, பொரளைக் கழகத் தலைவர்கள். அவர்களால் வரமுடியவில்லை, வாக்கை எழுத்தில் அனுப்பியிருந்தார்கள். தேனுஜன் நீலச் சேர்ட்டைப் பொத்தான் முழுக்கப் பூட்டிக்கொண்டு வந்தான். பக்கத்தில் ஜெகதீஸ்வரி.

"நான் ஒருத்தருக்கும் அடிக்கேல்லை அங்கிள். நான் அப்ப விளையாடவே இல்லை."

"ஓம் தம்பி. அண்டைக்குப் பின்னேரம் எங்க நிண்டனீர்?"

தன் தொலைபேசியில் தேடிப் பார்த்தான். முகம் மாறியது. அன்று வகுப்பு ரத்தாகியிருந்தது. அவன் வீட்டுக்குச் சொல்லாமல் பெருந்தெருவான காலி வீதிக் கடையொன்றில் இரண்டு கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டுக் கடற்கரையில் தனியே இருந்திருக்கிறான். சாட்சி இல்லை.

ஜெகதீஸ்வரி என்னைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள். "கிளாஸ் இல்லையெண்டு எனக்கு ஏன் சொல்லேல்லை? இதுவும் சொல்லேல்லை, அப்ப வேற என்னென்ன சொல்லேல்லை?"

"அம்மா, கொத்துத்தான் அம்மா."

"சும்மா இரு."

அந்த இடத்தில் எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. அதனால் ஒரு வழி சொன்னேன். குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கடிதம் எழுதினால் ஆயுள் தடையை ஐந்து வருடமாகக் குறைக்கலாம். கடிதத்தாளையும் நானே கொடுத்தேன். அவன் திகதியையும் விலாசத்தையும் எழுதினான். பிறகு கேட்டான்:

"அங்கிள், எந்தக் கையால அடிச்சனான் எண்டு எழுதுறது?"

"வலக்கையால."

"நான் இடக்கையன் அங்கிள்."

"அப்ப இடக்கை எண்டு எழுதும்" என்றேன். ஆவணங்களில் தவறு இருக்கக்கூடாது.

விசயம் அத்தோடு முடிந்திருக்கும். ஜெகதீஸ்வரி மானஸ்தி. கடிதம் போதாது, நேரில் போய்க் காலில் விழவேண்டும் என்று மகனை இழுத்துக்கொண்டு, ஒரு பெட்டி லட்டோடு, ஹெந்தளையில் இருக்கும் அர்ஷாத் வீட்டுக்குப் போயிருக்கிறாள். நடந்ததை அர்ஷாத்தே பிறகு எனக்குச் சொன்னார். கதவைத் திறந்தால் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய உருவம் அழுதுகொண்டு நின்றதாம்.

"சேர், நான் உங்களுக்கு அடிச்சதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"மகன், ஒங்கள நான் இன்டைக்கித் தானே காணுற" என்றாராம் அர்ஷாத். "நீங்க எனக்கு அடிச்சிருந்தா நான் இன்டைக்கி இப்பிடி நிப்பேனா?"

பிறகு மூன்று பேரும் இருந்து லட்டுச் சாப்பிட்டார்களாம். அர்ஷாத் அந்தச் சனிக்கிழமை தன் மச்சானின் கலியாணத்துக்காகக் கண்டியில் நின்றிருக்கிறார். படம் இருந்தது. அவர் ஜீவராஜுக்குச் சொல்ல, ஜீவராஜ் ஜிந்துப்பிட்டிக்குப் போய், முருகன் கோயிலடியில் வீடு வீடாக வேலவர் கழகம் எங்கே என்று கேட்டிருக்கிறார். நாலைந்து பேர் அவரைக் காவடிக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பிறகு நீங்கள் வந்தீர்கள்.

அதற்குள் முகாம் முடிந்துவிட்டது. அடுத்த முகாமுக்குத் தேனுஜனுக்கு வயது கூடிவிடும். அவன் இப்போது பயிற்சிக்குப் போவதில்லை. நான் லிப்டில் நின்றால் நாலு மாடியும் படியால் ஏறுகிறான். ஜீவராஜ் என்னோடு பேசுவதில்லை, ஆனால் மற்றவர்கள் மூலம் கேள்விப்பட்டேன். மன்னிப்புக் கடிதத்தை அத்தனை தடவை திருத்தி எழுதியதால், சில நேரம் அந்தக் குத்து உண்மையாகவே நடந்தது போலத் தேனுஜனுக்குத் தோன்றுகிறதாம். விசில் புல்லில் விழுந்ததுகூட ஞாபகம் வருகிறதாம். விசிலைப் பற்றி நான் அறிக்கையில் எழுதவே இல்லை. யோசித்துப் பாருங்கள்.

சரி, நீங்கள் கேட்டபடி தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு கழகங்கள், நூற்றைம்பது வீரர்கள், தொண்ணூற்று நான்கு போட்டிகள், ஒரு குத்து. எல்லாம் நான் எழுதியவை. வேறு யாருக்கும் பங்கில்லை. கையெழுத்து எங்கே வைக்கவேண்டும் என்று காட்டுங்கள், வைக்கிறேன். என்னை நீக்குங்கள், அது நியாயம்.

ஒரேயொரு வேண்டுகோள். கழகங்களைக் கலைக்கும் உத்தரவை அடுத்த வாரம் போடுங்கள். வருகிற சனிக்கிழமை வேலவருக்கு அரையிறுதி. நாலு வருடத்தில் முதல் தடவையாக வந்திருக்கிறார்கள். என்னுடைய பிழைக்காக ஒரு பாவமும் அறியாத பிள்ளைகளின் எதிர்காலத்தில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை.