நான்கு விரல் கறை

பட்டுத் துணியைத் துவைக்கக் குழாய்த் தண்ணீர் ஆகாது, மேடம். அதிலிருக்கும் உப்பும் இரும்பும் துணியை இன்னும் பழுப்பாக்கிவிடும். பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரைக் கேன் கேனாக வாங்கி வந்துதான் அலசினேன். அந்த உடையை நான் எவ்வளவு கவனமாகக் கையாண்டேன் என்று உங்களுக்குத் தெரியவேண்டும். ஆத்திரத்தில் புத்தி தடுமாறியவள் என்று எழுதிவிடாதீர்கள்.

என் பெயர் குல்சும். வயது அறுபத்திரண்டு. மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் முதல் மாடியில் குடியிருக்கிறேன். கணவர் மெஹபூப் பாஷா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. பழைய ஜரிகை உடைகளைச் சரிசெய்து கொடுப்பது என் பிழைப்பு. நீங்கள் கேட்கிற உடை 1984-ல் என் நிக்காஹ்வுக்குத் தைத்தது. வெள்ளைப் பட்டு, தரையைத் தொடும் பாவாடை, ஓரமெல்லாம் ஜரிகை. என் ஒரே மகள் ரூபீனா 2015-ல் அதையே உடுத்திக்கொண்டு ஹஸனுக்கு மனைவியானாள்.

இரண்டு வருடம்தான். அடையாறில் அவர்கள் வீட்டு மொட்டைமாடியில், மழைக்குத் துணி எடுக்கப் போனவள் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டு இறந்தாள் என்றார்கள். அந்த நேரத்தில் தான் பெருங்குடியில் ஆபீசில் இருந்ததாக ஹஸன் சொன்னான். ஆபீசில் இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். கூட வேலை செய்கிறவர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்?

அதற்குப் பிறகு ஒரு பெருநாள்கூட விடாமல் என்னைப் பார்க்க வந்தான். எனக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கூடவே இருந்தான். தெருவே அவனை மெச்சியது. நான் மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். மகளே போன பிறகு மாமியாரிடம் ஒருவனுக்கு என்ன வேலை? மனசு சுத்தமாக இருப்பவன் இப்படி விடாமல் வந்துகொண்டிருப்பானா?

இந்த ஜனவரியில் ஒரு பையோடு வந்தான்.

"அம்மி, மஹ்விஷ்னு ஒரு பொண்ணு. ஈக்காட்டுத்தாங்கல்ல டீச்சரா இருக்கா. பெரியவங்க பேசி முடிச்சிட்டாங்க. உங்ககிட்ட சொல்லாம செய்ய எனக்கு மனசு வரல."

நல்லது என்றேன்.

"ரூபீ டிரெஸ் பீரோல மஞ்சளாயிட்டே போவுது. ரூபீயோட அம்மாவுக்கு சம்மதம்னா நானே போட்டுக்கிறேன்னு மஹ்விஷ் சொல்றா. உங்களுக்கு இஷ்டமில்லன்னா வேணாம் அம்மி. இது இங்கேயே இருக்கட்டும்."

என் மகள் நின்ற இடத்தில் இன்னொருத்தியை நிறுத்த, என் கையாலேயே வெளுத்துத் தரச் சொல்கிறான். அதையும் மரியாதையாகச் சொல்கிறான். வைத்துவிட்டுப் போ என்றேன். அவன் குடித்த டம்ளரை மூன்று முறை தேய்த்துக் கழுவினேன்.

முதலில் ஜரிகை ஓரத்தைத் தையல் தையலாகப் பிரித்தேன். ஈரம் பட்டால் கறுத்துவிடும். பிறகு பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் பட்டுத் துணியை அமுக்கி வைத்தேன். டீ டிக்காஷன் மாதிரி மஞ்சள் இறங்கியது. தண்ணீரை மாற்றி மாற்றி வைத்தேன். நான்காவது அலசலில், மஞ்சள் வெளுக்க வெளுக்க, அது வெளியே வந்தது. வலது இடுப்புக்குக் கீழே நான்கு கோடுகள், தள்ளி ஒரு பெருவிரல் தடம். பழுப்புச் சிவப்பு. அதன்மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். என் விரல்கள் கொஞ்சம் நீண்டு நின்றன. ரூபீனாவுக்குச் சின்னக் கை.

அந்த நிமிடமே எல்லாம் விளங்கிவிட்டது. அவன் அவளை அறைக்குள் வைத்துத்தான் அடித்திருக்கிறான். விழப்போனவள் பீரோவில் தொங்கிய உடையை ரத்தக் கையோடு பிடித்திருக்கிறாள். பிறகு மாடிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். யாரும் எனக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. பெற்றவளுக்குத் தெரியும்.

அப்போதே ஏன் உங்களிடம் வரவில்லை என்று கேட்டீர்கள். எட்டு வருடத்துக்கு முன்னால் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேனே. உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், அனுப்பிவிட்டார்கள்.

கறையை ஏன் எடுத்தேன் என்றும் கேட்டீர்கள். கறையோடு துணியைத் திருப்பிக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. மருந்துக்கடை பெராக்சைடில் தண்ணீர் கலந்து பஞ்சால் ஒற்றி ஒற்றி ஒன்பது நாளில் எடுத்தேன். இப்போது எந்த டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானத் தொழுகை முடித்துவிட்டு ஹஸன் வந்தான். உடையை விரித்துக் காட்டினேன். பார்த்ததும் அழுதான். ஏன் அழவேண்டும்? நிக்காஹ்வுக்கு நான் வந்து முன்னால் உட்காரவேண்டும் என்றான். டீ போட்டுக் கொடுத்தேன். குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

உடையை டிவி வந்த அட்டைப் பெட்டியில் மடித்து வைத்திருந்தேன். இரண்டு கையாலும் பிடித்தால்தான் தூக்க முடியும். பிடித்தால் கால் வைக்கும் இடம் தெரியாது. எங்கள் மாடிப்படி பதினேழு படி, செங்குத்து, கைப்பிடி இல்லை. அவன் முதல் படியில் கால் வைத்தபோது முதுகில் என் உள்ளங்கையை வைத்தேன். பெரிய பலமெல்லாம் தேவைப்படவில்லை. கதவைச் சாத்துகிற அளவுதான்.

கீழே கழுத்து மடங்கிக் கிடந்தான். "அம்மி" என்று கூப்பிட்டான், இரண்டு தரம். நான் இறங்கிப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். ஒரு மூலை நசுங்கியிருந்தது, துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரித்துப் பார்த்து, மறுபடி மடித்து, பீரோவில் வைத்துப் பூட்டினேன். திரும்பி இறங்கியபோது அவன் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தான். பிறகுதான் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டேன். படியில் வழுக்கிவிட்டார் என்று அவர்களே சொன்னார்கள். நீங்களும் அப்படித்தான் எழுதிக்கொண்டீர்கள்.

அதோடு முடிந்திருக்கும். பத்தாம் நாள் மஹ்விஷ் வந்தாள். ஹஸன் வைத்திருந்த ரூபீனாவின் கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்திருந்தாள்.

"இது உங்ககிட்டதான் இருக்கணும் அம்மி. டெய்லி எடுத்துப் பார்ப்பாராம்."

முகம் வீங்கிப் போயிருந்தது. எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. எப்படிப்பட்டவனிடமிருந்து நான் அவளைக் காப்பாற்றியிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியவேண்டாமா? எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு விரலைச் சொன்னேன், பெருவிரலைச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் ஆல்பத்தைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் நிறுத்தி, என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆல்பத்தோடு எழுந்து நேராக உங்களிடம் வந்துவிட்டாள். பரவாயில்லை, சின்னப் பெண்.

நீங்களும் அதே பக்கத்தைத்தான் என் பக்கம் திருப்பி வைக்கிறீர்கள். முதல் படத்தில் ரூபீனா மேடைப் படியில் ஏறுகிறாள். தடுக்காமல் இருக்கப் பாவாடையை வலது கையால் தூக்கிப் பிடித்திருக்கிறாள். கையில் ஈரம் காயாத மருதாணி. அடுத்த படத்தில் கையை எடுத்துவிட்டாள். வலது இடுப்புக்குக் கீழே நான்கு கோடுகள் இருப்பதாகச் சொல்கிறீர்கள். பக்கத்தில் குனிந்து, கைக்குட்டையால் அந்த இடத்தைத் துடைத்துக்கொண்டிருப்பது நான்தான். மறுக்கவில்லை.

நன்றாகப் பார்த்துவிட்டேன், மேடம். அது மண்டபத்து விளக்கு போட்ட நிழல். அன்று நான் துடைத்துக்கொண்டிருந்தது நிழலைத்தான்.